கண்ணாடி நாக்கு

சோளிங்கர் என்றதும் பக்தர்களுக்கு ஞாபகம் வருவது 1,305 படிகள். மலை உச்சியில் யோக நரசிம்மர். வருஷம் பூராவும் கண்மூடி யோகத்தில் இருப்பவர், கார்த்திகை மாதம் மட்டும் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டதால் இப்போது முழங்கால் வலிக்காரர்களும் தரிசனம் பண்ணலாம்.

சரித்திரம் படித்தவர்களுக்கு வேறு சோளிங்கர். 1781, செப்டம்பர் 27. ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதிய இடம்.

மூன்றாவதாகவும் ஒரு சோளிங்கர் உண்டு. இங்கே இருக்கிற பிரேக்ஸ் இந்தியா வார்ப்பட ஆலை, 2003-ல் ஜப்பான்காரர்களின் டெமிங் பரிசை வாங்கியது. தரக்கட்டுப்பாட்டில் அதுதான் உலகின் பெரிய மரியாதை. நம்முடைய கதை இந்த மூன்றாவது சோளிங்கரிலிருந்து கிளம்புகிறது.

வார்ப்பட ஆலை என்றால் இரும்பை உருக்குவார்கள். சுமார் 1,400 டிகிரி. கொஞ்சம் சூடு குறைந்தால் அச்சுக்குள் மூலை முடுக்கெல்லாம் இரும்பு ஓடாது. கூடினால் வேறு தொந்தரவு. அந்தக் காலத்து மேஸ்திரிகள் உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார்கள். இப்போது எந்த ஆலையிலும் அந்த வேலையை ஒரு நீளமான குச்சி பார்க்கிறது. நுனியில் இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். சேர்ந்த இடம் சூடானால் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டுபிடித்த சங்கதி. சின்ன மின்னழுத்தம் கம்பி வழியாகக் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் எண்ணாக மாறுகிறது. இந்தக் குச்சிக்குத் தொழிற்சாலை பாஷையில் ப்ரோப் என்று பெயர்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். வார்ப்பட ஆலை முதலாளிக்கு இந்தக் குச்சி உண்மை சொல்ல வேண்டும். பொய் சொன்னால் வார்ப்பு வீண், காசு போச்சு. உண்மைக்கும் லாபத்துக்கும் சண்டையே இல்லாத இடம் அது.

அங்கிருந்து பஸ் பிடித்து ராணிப்பேட்டைக்கு வருவோம். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிப் போவோம். இங்கேயும் குச்சி இருக்கிறது. ஆனால் அது முக்குளிப்பது உருகிய இரும்பில் அல்ல, தோல் பதனிட்ட கழிவுநீரில். இந்தக் குச்சி உண்மை சொன்னால் யாருக்கு லாபம்?

கதையே அந்தக் கேள்விதான்.

தோல் பதனிடுவது நமக்குப் புதிய தொழில் அல்ல. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறி, 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோன சரக்கு அது. குழி பக்குவமாகி விட்டதா என்று எப்படித் தெரியும்? விரலால் தொட்டு, மூக்கால் முகர்ந்து. உலகம் முழுக்கவே பழைய காலத்துப் பதனிடும் ஆட்கள் குழிச் சாற்றை நாக்கில் வைத்துப் புளிப்பு பார்த்திருக்கிறார்கள். தொழிலின் முதல் சென்சார் மனுஷனின் நாக்குதான்.

அப்புறம் குரோமியம் வந்தது.

1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்குக்குச் சுருங்கியது. அதை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன், அரசாங்க கலைப் பள்ளியின் தலைவர். 1900களின் தொடக்கத்தில் அவர் இந்தச் சோதனையில் இறங்கியது எதற்காகத் தெரியுமா? கிணற்றில் கவலை ஏற்றம் இறைக்கத் தோல் சால் வேண்டும். ஆவாரம்பட்டைத் தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் வீணாகிவிடும். குரோம் தோல் தாங்கும்.

அதாவது, விவசாயியின் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதற்காகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது குரோமியம். பின்னால் அதே கிணறுகளுக்கு என்ன ஆனது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

1912-ல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். தினமும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டிப் போகிறோமே, அந்த 'குரோம்' இந்தக் குரோம்தான். ஊருக்கே பெயர் வைத்துவிட்டுப் போன ரசாயனம்.

குரோம் முறையில் ஒரு சங்கடம். நாக்கு இனி செல்லுபடியாகாது. ரசாயனத்தின் புளிப்பைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புளிப்பு மிகுந்தால் அமிலம், எதிர்ப்பக்கம் காரம். இதற்குத்தான் பி.ஹெச். என்கிற அளவு. பூஜ்யத்திலிருந்து 14 வரை. நடுவில் 7. நல்ல தண்ணீர் அங்கே நிற்கும்.

சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இருக்கும்போது பி.ஹெச். 12-க்கு மேல். அப்புறம் அமிலத்தில் ஊறவைக்கும்போது 3-க்குக் கீழே இறக்க வேண்டும். அந்த நிலையில் குரோமியம் தோலின் உள்ளே வரை நுழையும், ஆனால் ஒட்டாது. பிறகு சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 4-க்குப் பக்கத்தில் ஏற்றினால்தான் ஒட்டும். அவசரப்பட்டு ஏற்றினால் மேல்தோல் மட்டும் குரோமியத்தைக் குடித்துவிடும், உள்ளே பச்சையாக நிற்கும். ஒரு டிரம் தோல் மொத்தமும் நஷ்டம்.

பல டேனரிகளில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டுச் சாயம் விடுவார்கள். சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் ஒரு சாயம் ரோஸ் நிறம் காட்டும். அமிலம் உள்ளே வரை போயிருந்தால் இன்னொரு சாயம் மஞ்சளாக நிற்கும். கண்ணால் பார்க்கிற கெமிஸ்ட்ரி.

பி.ஹெச். அளவு பிறந்தது எங்கே? பீர் தொழிற்சாலையில். கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் 1909-ல் சோரன்சன் வகுத்த அளவு அது. அதைச் சட்டென்று காட்டும் மீட்டர் பிறந்தது? எலுமிச்சம்பழத்துக்காக! 1934-ல் கலிபோர்னியாவில் பழ விவசாயிகள் கூட்டுறவு அமைப்பில் இருந்த ஒரு நண்பர், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் திண்டாடி, ஆர்னால்ட் பெக்மன் என்ற பேராசிரியரிடம் வந்தார். பெக்மன் ஒரு கண்ணாடி மின்முனையையும் வால்வு ரேடியோக்களில் இருக்கும் வெற்றிடக் குழாயையும் சேர்த்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அடுத்த வருஷமே 195 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

பீருக்குப் பிறந்த அளவும் எலுமிச்சைக்குப் பிறந்த மீட்டரும் கைகோத்துக் கொண்டு கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, பாலாற்றங்கரை.

இந்தக் கண்ணாடி நாக்கு எப்படி வேலை செய்கிறது? நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். உள்ளே தெரிந்த பி.ஹெச். கொண்ட திரவம். வெளியே நாம் அளக்க வேண்டிய தண்ணீர். இரண்டு பக்கத்துக்கும் புளிப்பில் வித்தியாசம் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும். பி.ஹெச். ஒரு படி மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட். டார்ச் லைட் செல் ஒன்றின் அழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதுவும் ரொம்ப நோஞ்சான். கேபிளில் கொஞ்சம் ஈரம் பட்டாலோ, பக்கத்தில் மோட்டார் கேபிள் ஓடினாலோ சிக்னல் குழம்பிவிடும்.

ஆகவே ப்ரோப்புக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்மிட்டர் என்று ஒரு பெட்டி வைத்தார்கள். நோஞ்சான் சிக்னலை வாங்கி, திடகாத்திரமான இன்னொரு சிக்னலாக மாற்றி, நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்புவது அதன் வேலை. எழுபதுகளில் உலகம் முழுக்க ஒரு உடன்பாடு நிலைத்தது. எந்த ப்ரோப்பாக இருந்தாலும் சரி, சூடோ, புளிப்போ, அழுத்தமோ, எல்லாம் ஒரே பாஷையில் பேச வேண்டும். 4 மில்லி ஆம்பியர் என்றால் அளவின் அடிமட்டம். 20 என்றால் உச்சம்.

ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்கவில்லை? என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'இந்த வருஷம் வருமானம் எதுவும் இல்லை' என்று ரிட்டர்ன் தாக்கல் செய்கிற ஆள் வேறு. ரிட்டர்னே போடாமல் காணாமல் போன ஆள் வேறு. முதலாமவர் 4 மில்லி ஆம்பியர். இரண்டாமவர் பூஜ்யம். கம்பி அறுந்தால் பூஜ்யம் வரும். உடனே 'ஆள் அவுட்' என்று கன்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். எளிமையான, பிரமாதமான ஏற்பாடு.

அந்தப் பக்கம் சிக்னலை வாங்கிக்கொள்ள ஒரு மூளை வேண்டுமே? 1968-69-ல் டிக் மோர்லி குழுவினர் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய மோடிகான் 084 என்ற பெட்டிதான் அதற்குப் பிள்ளையார் சுழி. பி.எல்.சி. என்று இன்றைக்குச் சொல்கிறோம். பி.ஹெச். குறைந்தால் காரம் விடும் பம்ப்பை ஓட்டு, கூடினால் நிறுத்து. நாக்கு சொல்கிறது, மூளை கேட்கிறது, கை வால்வைத் திருப்புகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமை. இதில் எது படுத்தாலும் மற்ற இரண்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாலாற்றின் ஐம்பது வருஷச் சரித்திரமும் புரிந்துவிடும்.

1972-ல் மத்திய அரசு சீதாராமய்யா கமிட்டியைப் போட்டது. பச்சைத் தோலையும் அரைப் பதத் தோலையும் ஏற்றுமதி பண்ணி என்ன பிரயோஜனம், முழுசாகப் பதனிட்ட தோலும் ஷூவும் அனுப்பினால் அல்லவா அந்நியச் செலாவணி என்றது கமிட்டி. எழுபதுகளில் கொள்கை மாறியது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் கிடுகிடுவென வளர்ந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு. குறிப்பாகப் பெண்களுக்கு, ஷூ தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம். இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் பேலன்ஸ் ஷீட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டே?

வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் அறுபது, எழுபது சதவிகிதம்தான் தோலில் ஏறும். பாக்கி கழிவில். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு மொத்தமும் கழிவில். முடி நீக்கப் போட்ட சல்பைடு கழிவில். கழிவு எங்கே? வாய்க்காலில், ஏரியில், கடைசியில் பாலாற்று மணலில். ஆறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் நீரோட்டம் உண்டு. கிணறுகளுக்கு அதுதான் தாய்ப்பால். அதில்தான் கலந்தது.

1991-ல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு கோர்ட்டின் முன் வந்தது. தோல் பேட்டைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம், பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது.

1996, ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடத்தில் 'வேலூர் கேஸ்' படிக்காமல் பாஸ் பண்ண முடியாது. ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், தனியாகவோ கூட்டாகவோ.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வேகம் பிடித்தன. ராணிடெக், விஷ்டெக், ஆம்பர்டெக், வாணிடெக் என்று இன்றைக்கும் இந்தப் பக்கம் பிரபலமான பெயர்கள். அவற்றோடு கூடவே வந்தவைதான் பி.ஹெச். ப்ரோப்பும், உப்பை மின்கடத்தலால் அளக்கும் ப்ரோப்பும், குழாயில் தண்ணீர் ஓடும் வேகத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரும். காந்தத்துக்கு நடுவே தண்ணீர் ஓடினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே கண்ட தத்துவம். 1832-ல் அவர் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் நின்று தேம்ஸ் நதியையே இப்படி அளந்துபார்க்க முயன்று தோற்றார். நதியில் தோற்றது குழாயில் ஜெயித்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நிலையங்கள் குரோமியத்தையும் அழுக்கையும் ஓரளவு பிடித்தன, உப்பை விட்டுவிட்டன. நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும். உப்பை எந்த உயிர் தின்னும்? கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சுத்திகரித்து வெளியே வந்த தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே அடுத்த கட்டமாக, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாதே என்ற விதி வந்தது. சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்து உப்பாக எடு. மின்சாரத்துக்கும் நீராவிக்கும் பணம் தண்ணீராகச் செலவாகிற வேலை.

செலவு என்று வந்துவிட்டால் அடுத்து வருவது என்ன? சபலம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வால்வைத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

அந்நாளில் அதிகாரிகளின் வழி, பாட்டிலில் சாம்பிள் எடுப்பது. ஜீப் வரும், பாட்டில் நிறையும், லேபுக்குப் போகும். பி.ஓ.டி. என்ற ஒரு சோதனைக்கே மூன்று நாள் ஆகும். ரிசல்ட் வருவதற்குள் அந்தத் தண்ணீர் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். திருடன் போன பிறகு போட்டோ எடுத்த கதை.

2014, பிப்ரவரி 5. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லா மாநில வாரியங்களுக்கும் உத்தரவு போட்டது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும், பொது சுத்திகரிப்பு நிலையங்களும் இனி ஆன்லைனில் கண்காணிக்கப்பட வேண்டும். தோலும் அந்த 17-ல் ஒன்று. கழிவின் வாயிலேயே ப்ரோப். அங்கிருந்து நேராக வாரியத்தின் கம்ப்யூட்டருக்குக் கணக்கு. சொட்டுக்கூட வெளியே விடமாட்டேன் என்று சொல்லும் நிலையங்களில் ஃப்ளோ மீட்டரும் கேமராவும். 2017, பிப்ரவரி 22-ல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில் ஒரு படி மேலே போய், இந்தக் கணக்கைப் பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிட ஏற்பாடு செய்யச் சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராணிப்பேட்டைத் தொட்டியில் இருக்கும் நாக்கு, சென்னை கிண்டியில் இருக்கும் வாரியத்தின் காதில் ரகசியம் சொல்கிறது.

'ஏம்பா, தண்ணி எப்படி இருக்கு?'

'பன்னிரண்டு மில்லி ஆம்பியர், ஐயா.'

பன்னிரண்டு என்றால் 4-க்கும் 20-க்கும் நட்டநடு. அதாவது பி.ஹெச். ஏழு. நல்ல தண்ணீர். ரொம்ப சந்தோஷம்.

இப்போது காமர்ஸ்காரனின் சந்தேகம் ஒன்று. அந்த 12 மில்லி ஆம்பியர் யார் கொடுத்தது?

கன்ட்ரோல் சிஸ்டத்துக்குக் கண் கிடையாது. கம்பியில் 12 வந்தால் ஏழு என்று எழுதிக்கொள்ளும். தொட்டியிலிருந்து வந்த 12-ஆ, மெக்கானிக்குகள் மீட்டரைச் சோதிக்க வைத்திருக்கும் கையடக்கக் கருவியிலிருந்து வந்த 12-ஆ என்று அதற்குப் பிரித்துத் தெரியாது. ப்ரோப்பைக் கழற்றிக் குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் போட்டால், அதுவும் சத்தியம் தவறாமல் ஏழு என்றுதான் சொல்லும். அது பொய் சொல்வதில்லை. காட்டியதைத்தான் ருசிக்கிறது. டேட்டாவை யாரும் இடையில் கைவைக்க முடியாதபடி கருவியிலிருந்தே நேராக அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியத்தின் வழிகாட்டு விதிகள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தச் சந்தேகம்தான்.

கெட்ட எண்ணமே வேண்டாம், சோம்பேறித்தனம் போதும். தோல் கழிவில் கொழுப்பும் சுண்ணாம்பும் ப்ரோப்பின் மேல் படியும். சல்பைடு உள்ளே புகுந்து வெள்ளிக் கம்பியைக் கறுக்கச் செய்து, இன்னொரு பாதியான ஒப்பீட்டு மின்முனையைக் கெடுக்கும். வாராவாரம் கழுவ வேண்டும். 4, 7, 10 என்று தெரிந்த கரைசல்களில் முக்கி, சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் நாக்கு மரத்துப்போகும். எண் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

மரத்துப்போன நாக்கால் உயிரும் போகும். சல்பைடு உள்ள கழிவில் காரம் குறைந்து அமிலப் பக்கம் சாய்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை. வாயு அதிகமானால், அந்த வாடையே தெரியாது. மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும். தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்தார் என்ற செய்தியைத் தோல் பேட்டைகளிலிருந்து நாம் எத்தனையோ முறை படித்துவிட்டோம். அந்த இடத்தில் பி.ஹெச். ப்ரோப்பும் வாயு சென்சாரும் உயிர்க்காவல்.

ப்ரோப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2015, ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில், பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. சேறு வெள்ளமாகப் பாய்ந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. பத்துப் பேர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சேறு எங்கிருந்து வந்தது? சுத்திகரிப்பில் பிரித்தெடுத்த அழுக்குதான். தண்ணீர் சுத்தமாகிறது என்றால் அழுக்கு ஆவியாகிவிடவில்லை. வேறு கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வாய்க்காலின் வாயில் வைத்த நாக்குக்குத் தொட்டிச் சுவரைப் பற்றி என்ன தெரியும்?

ஆக, கண்ணாடி நாக்கின் சிக்கல் கண்ணாடியில் இல்லை. டிரம்முக்குள் இருக்கும் ப்ரோப் முதலாளிக்காக வேலை செய்கிறது. அது உண்மை சொன்னால் தோல் நன்றாக வரும். வாய்க்காலில் இருக்கும் ப்ரோப் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியது. ஆனால் அதை விலைக்கு வாங்குவதும் கழுவுவதும் அளவு சரிபார்ப்பதும் அதே முதலாளிதான். கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆடிட்டர் மாதிரி. நல்ல ஆடிட்டர்களும் உண்டு. ஒழுங்காக நடத்தும் நிலையங்களும் உண்டு. ஆனால் ஒரு ஊரின் குடிநீரை ஒரு தனிமனிதரின் நல்ல மனசை மட்டும் நம்பி விடலாமா?

வழி இல்லாமல் இல்லை. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ப்ரோப்பைச் சரிபார்க்கலாம். ப்ரோப் சொன்ன எண்ணையும், திடீரென்று எடுத்த பாட்டில் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேங்க் ரீகன்சிலியேஷன் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பதுதான். கேஷ் புக் ஒன்று சொல்லி பாஸ் புக் வேறு சொன்னால், இடையில் என்னவோ நடந்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு உப்பு வெளியே மூட்டையாக வந்தது என்று கூட்டிக் கழித்தாலே பாதி திருட்டு பிடிபடும். பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்த 1996 தீர்ப்பு என்ன ஆனது?

தீர்ப்புப்படி அமைக்கப்பட்ட ஆணையம், 2001, மார்ச் 7-ல் தன் கணக்கைச் சொன்னது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். நஷ்ட ஈடு 26.82 கோடி ரூபாய். கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்து இருநூறுக்கும் குறைவு. தலைமுறை தலைமுறையாக நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்துக்கு விலை.

அதற்குப் பிறகும் பிரச்னை ஓயவில்லை. வழக்கு மறுபடி சுப்ரீம் கோர்ட் வந்தது. 2025, ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பு வழங்கினார்கள். விடுபட்ட நஷ்ட ஈட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைப் பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், முன்னாள் ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றார்கள்.

1991-லிருந்து 2025. முப்பத்து நான்கு வருஷம்.

யோசித்துப் பார்த்தால், பாலாற்றங்கரையின் முதல் ப்ரோப் 2014-ல் வந்ததே இல்லை. என்றைக்கோ ஒரு காலை, கிணற்று நீரை வாயில் வைத்து, முகம் சுளித்துத் துப்பினாரே ஒரு விவசாயி, அவர்தான் முதல் சென்சார். அவருக்கு டிரான்ஸ்மிட்டர் தேவைப்படவில்லை. காலிபரேஷன் தேவைப்படவில்லை. அவரை யாரும் பக்கெட் தண்ணீரில் முக்கி வைக்கவும் முடியவில்லை. அவர் கொடுத்த சிக்னல் டெல்லி வரைக்கும் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது.

நாக்கு சொன்னது. மூளையும் கேட்டுக்கொண்டது, இரண்டு முறை தீர்ப்பே எழுதியது. வால்வைத் திருப்ப வேண்டிய கைதான் இன்னும் அசைய யோசிக்கிறது.